இறைவனின் மீட்புத் திட்டமும் நம் மலைநாட்டு மக்களும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மூன்று நாள் தியானத்தின் முதல் நாள் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் கணக்குப் பார்க்கும் காலம். இந்த ஐம்பது ஆண்டுகளில் எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர், எத்தனை திருமணங்கள் நடந்தன, கோயில் கட்ட யார் யார் உதவினர் என்பவற்றை எல்லாம் விழாக் குழுவினர் தொகுத்து வருகிறார்கள். அது நல்ல பணி, நடக்கட்டும். ஆனால் அந்தக் கணக்குகளுக்கு எல்லாம் முந்திய கணக்கு ஒன்று உண்டு. இந்த மலை தோன்றுமுன், உலகம் உண்டாகுமுன், இறைவன் தம் உள்ளத்தில் நம்மை நினைத்திருந்தார் என்பதே அது. அதைத்தான் திருச்சபை 'மீட்புத் திட்டம்' என்று அழைக்கிறது. இன்று மாலை அதைப் பற்றிச் சிந்திப்போம்.

மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் படித்த பாடந்தான் இது. கடவுள் மனிதனைப் படைத்தார். மனிதன் பாவத்தில் விழுந்தான். கடவுள் தம் ஒரே மகனை அனுப்பி மீட்டார். மூன்றே வாக்கியங்களில் குழந்தைகளும் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் வாழ்க்கையில் அடிபட்ட பிறகு அதே பாடத்தை விசுவசிப்பது எளிதன்று. 'கடவுளுக்குத் திட்டம் இருக்கிறதென்றால், எங்களுக்கு நேர்ந்தவை எல்லாம் அந்தத் திட்டத்தில் சேர்ந்தவையா?' என்று கேட்பவர்களை ஒவ்வொரு லயத்திலும் நான் சந்திக்கிறேன். நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாகவே பதில் தேடுவோம்.

திட்டம் வேறு, தலைவிதி வேறு

நம் தமிழ் மக்களின் வாயில் அடிக்கடி வரும் சொல் 'தலையெழுத்து'. பிள்ளை படிக்கவில்லையென்றால் தலையெழுத்து. கணவன் குடித்தால் தலையெழுத்து. கொழுந்துக்கு விலை இல்லையென்றாலும் தலையெழுத்து. கிறிஸ்தவர்களாகிய நாம் அந்தச் சொல்லை மாற்றி, 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்கிறோம். சொல் மாறிற்று, பொருள் மாறியதா என்று சிந்திக்க வேண்டும்.

2009 நவம்பர் மாதத்தில் பெய்த பெருமழையில் இந்த நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நமக்கு அண்டையிலுள்ள வயநாட்டில், 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன், முண்டக்கை, சூரல்மலை ஊர்களின் மேல் மலை இடிந்து விழுந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். தோட்டத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. அந்த நாட்களில், 'இது கடவுளின் தண்டனை' என்று சிலர் பேசினார்கள். 'கடவுள் எழுதி வைத்தது' என்று வேறு சிலர் பேசினார்கள்.

இயேசு ஆண்டவர் என்ன சொன்னார்? லூக்காஸ் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் தாமே கேள்வியை எழுப்பி, இல்லை என்று தாமே மறுக்கிறார். இறந்தவர்களின் பாவத்தை ஆராய அவர் நம்மை அனுமதிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களைத்தான் மனந்திரும்ப அழைக்கிறார். ஆகவே, மண்சரிவில் மாண்டவர்களைக் காட்டிக் கடவுளின் திட்டம் பேசுவோர், நற்செய்திக்கு மாறாகப் பேசுகிறார்கள்.

அப்படியானால் தலைவிதிக்கும் இறைத் திட்டத்திற்கும் என்ன வேறுபாடு? மூன்று வேறுபாடுகளைச் சொல்லுகிறேன். முதலாவது, விதிக்கு முகம் கிடையாது. திட்டத்திற்குப் பின்னால் ஒரு தந்தையின் முகம் இருக்கிறது. இரண்டாவது, விதி யாரையும் கேட்பதில்லை, இறைவனோ கேட்கிறார். நாசரேத்தூரில் ஓர் ஏழைக் கன்னியிடம் தூதரை அனுப்பி, அவள் சம்மதம் சொல்லும்வரை காத்திருந்தார். அகில உலகின் மீட்பும் ஒரு பெண்ணின் சம்மதத்திற்காகக் காத்து நின்றதென்றால், அதை விதி என்று எப்படிச் சொல்வது? மூன்றாவது, விதி என்பது முடிந்துபோன எழுத்து, திட்டமோ வாக்குறுதி. விதியை நம்புகிறவன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான். வாக்குறுதியை நம்புகிறவன் எழுந்து நடக்கிறான்.

அந்த வாக்குறுதியின் உள்ளடக்கம் என்ன? புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் அதை எடுத்துரைக்கிறார். விண்ணிலும் மண்ணிலும் சிதறிக் கிடக்கும் அனைத்தையும் கிறிஸ்துவைத் தலையாகக் கொண்டு ஒன்று சேர்ப்பதே இறைவனின் மறைவான நோக்கம் என்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் லியோன்ஸ் நகரின் ஆயராயிருந்த புனித இரேனேயுஸ், மீட்பு முழுவதையும் இந்த ஒன்றுசேர்ப்பாகவே விளக்கினார். ஆதாம் சிதறடித்ததைக் கிறிஸ்து சேர்த்துக் கட்டுகிறார். 'சிதறுதல்', 'சேர்த்தல்' என்ற இரண்டு சொற்களையும் மறவாதிருங்கள். நம் பங்கின் வரலாறே அவற்றில் அடங்கியிருக்கிறது.

மெதுவாக ஏறும் பாதை

இத்திட்டம் ஒரே நாளில் நிறைவேறவில்லை. பாவம் செய்து ஒளிந்துகொண்ட ஆதாமை இறைவன் தேடி வந்தார். பெண்ணின் வித்து பாம்பின் தலையை நசுக்கும் என்ற முதல் வாக்குறுதியை அங்கேயே அளித்தார். பிறகு ஆபிரகாமை அழைத்தார். மோயீசனை அனுப்பி எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்களை மீட்டார். சீனாய் மலையில் அவர்களோடு உடன்படிக்கை செய்தார். தாவீதின் குலத்தில் நிலையான அரசு தோன்றும் என்றார். மக்கள் உடன்படிக்கையை முறித்தபோது இறைவாக்கினர்களை அனுப்பினார். பபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களைக் கி.மு. 538இல் பாரசீக மன்னன் சீருஸின் ஆணையால் திரும்ப அழைத்து வந்தார்.

ஏன் இவ்வளவு தாமதம்? வல்லமையுள்ள இறைவன் ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாகாதா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நம் மலை இரயிலைப் பாருங்கள். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கிய இரயில் அது. 46 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 5 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சமவெளியில் ஓடும் எந்த வண்டியும் அதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை கிடக்கிறது. வண்டியின் பற்சக்கரம் அதில் ஒவ்வொரு பல்லாகப் பற்றிப் பற்றி ஏறுகிறது. எவ்வளவு செங்குத்தானாலும் அது பின்னால் சறுக்குவதில்லை. இயந்திரம் முன்னால் நின்று இழுப்பதும் இல்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது. பயணிகள் சன்னல் வழியே காடும் அருவியும் பார்க்கிறார்கள். தங்களைத் தள்ளுவது யார் என்று பார்ப்பதில்லை.

மீட்பு வரலாறும் இவ்வாறே. ஆபிரகாமின் உடன்படிக்கை ஒரு பல். சீனாய் ஒரு பல். தாவீது ஒரு பல். புதிய உடன்படிக்கையை இருதயத்தில் எழுதுவேன் என்று எரேமியாஸ் வழியாக இறைவன் உரைத்தது ஒரு பல். மனிதனின் சுதந்திரத்தை மதித்து, அவன் நடக்கக்கூடிய வேகத்தில், பின்னால் இருந்து தள்ளுகிறது இறையருள். நாம் எத்தனை முறை தவறினாலும், இறைவன் பற்றிய பிடியை விடவில்லை.

இவ்வளவும் எங்கே போய் முடிகின்றன? கல்வாரியில். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் உங்களுக்குக் கவ்வாத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுகிறீர்கள். பசுமையாய் இருந்த மலைச்சரிவு, ஒரு வாரத்தில் வெறும் குச்சிகளாய் நிற்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர், 'ஐயோ, தோட்டமே செத்துவிட்டதே' என்பார். உங்களுக்கோ தெரியும், வெட்டாமல் விட்டால் அது மரமாய் வளர்ந்துவிடும், கொழுந்துக்கு ஆகாது என்று. சில வாரங்களில் அந்தக் குச்சியிலிருந்தே தளிர் விடுகிறது.

தாவீதின் குலமும் வெட்டுண்ட மரமாய் நின்ற காலம் உண்டு. அந்த அடிமரத்திலிருந்து தளிர் ஒன்று தோன்றும் என்று இசையாஸ் முன்னறிவித்தார். அந்தத் தளிரே நம் ஆண்டவர். அவரையும் வெட்டினார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மாலையில் சீடர்களின் கண்களுக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. மூன்றாம் நாள் காலையில் அந்த வெட்டுவாயிலிருந்தே உயிர் புறப்பட்டது. நம் மக்கள் காந்தல் குருசடிக்கு நடந்துபோய்த் திருச்சிலுவையின் முன் மண்டியிடுவது வீணன்று. அங்கே நாம் வணங்கும் மரம் மனிதனின் கொடுமை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டுகிறது. கடவுளின் அன்பு அதைவிட ஒரு முழம் அதிகம் போகும் என்பதையும் காட்டுகிறது.

1964ஆம் ஆண்டு

இனி நம் சொந்த வரலாற்றிற்கு வருவோம். இந்தப் பங்கில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள். உங்கள் முன்னோர் பஞ்சத்தாலும் கடனாலும் தமிழ்நாட்டு ஊர்களை விட்டுக் கப்பலேறி, கண்டிச் சீமைக் காடுகளை அழித்து, முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் வளர்த்தார்கள். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. 1974இல் அந்த எஞ்சியவர்களையும் ஆளுக்குப் பாதியாய்ப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கையில் கொடுத்த காகிதத்தோடு இம்மலைக்கு வந்தீர்கள். உங்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடையைத் தூக்கினீர்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்றார்கள். இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள்.

நம் பங்கின் மூத்த தாய் ஒருத்தி என்னிடம் கேட்டார்: "சாமி, எங்க பாட்டனக் கப்பலேத்தினதும் ஆள் கணக்கு, எங்களத் திருப்பி அனுப்பினதும் ஆள் கணக்கு. கடவுளோட திட்டத்துலயாவது எங்களுக்குப் பேரு இருக்குதா?"

இறையியல் நூல்களில் இதைவிட ஆழமான கேள்வியை நான் வாசித்ததில்லை. இதற்கு இரண்டு பதில்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது: அந்த ஒப்பந்தம் கடவுள் எழுதியதன்று. மக்களைக் கேளாமல் மக்களைப் பங்கிடுவது மனிதர் செய்த செயல். அதை ஆண்டவர் சித்தம் என்று சொல்லி அவர்மேல் ஏற்றுவது பாவம். பழைய ஏற்பாட்டில் யோசேப்பை அவருடைய சகோதரர்கள் விற்றார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அவர், நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், கடவுளோ அதை நன்மையாக மாற்றினார் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். தீமை தீமைதான், அதை அவர் மூடி மறைக்கவில்லை. ஆனால் தீமைக்கு இறுதி வார்த்தையை இறைவன் விட்டுவைக்கவில்லை.

இரண்டாவது: அதே 1964இல், அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி 22 நாட்கள் கழிந்து, நவம்பர் 21ஆம் நாள், உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையர் திருச்சபையைப் பற்றிய கொள்கைத் திரட்டை நிறைவேற்ற, பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதை வெளியிட்டார். அதன் இரண்டாம் அதிகாரம் இறைமக்களைப் பற்றியது. மனிதரைத் தனித்தனியாக, ஒருவரோடொருவர் தொடர்பின்றி மீட்க இறைவன் விரும்பவில்லை. அவர்களை ஒரே மக்களாகச் சேர்க்கவே விரும்பினார் என்று அது போதிக்கிறது. ஓரிடத்தில் மக்கள் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டார்கள். அதே நாட்களில் மற்றோரிடத்தில், மக்கள் என்பவர் யார் என்று திருச்சபை உலகுக்கு அறிவித்தது. சிதறடித்தவர்களின் கையெழுத்து அங்கே. சேர்க்கிறவரின் வாக்கு இங்கே.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. எடை குறைந்தால் அரைப்பேர். மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய உவமையில், திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் தலைவர் முழுக்கூலி கொடுக்கிறார். அந்தத் தோட்டத்தில் அரைப்பேர் கிடையாது! நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பேர் சொல்லி அழைக்கிறான் என்று அருளப்பர் எழுதுகிறார். அம்மா, உங்கள் திருமுழுக்கு நாளில் இறைவன் உங்களை எண்ணால் அழைக்கவில்லை; பேர் சொல்லித்தான் அழைத்தார். அந்தப் பேர் எந்த ஒப்பந்தத்தாலும் அழியாது.

நமக்கு முன்பே இங்கிருந்தவர்கள்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீட்புத் திட்டம் நம்மவர்க்கு மட்டும் உரியதென்று எண்ணக்கூடாது. எல்லா மனிதரும் மீட்படைய இறைவன் விரும்புகிறார் என்று புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

1603இல் யாக்கோமே பெனிசியோ என்ற சேசு சபைக் குரு மலையாளக் கரையிலிருந்து இம்மலைக்கு ஏறி வந்தார். இங்கே பழங்காலக் கிறிஸ்தவர்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்ற செய்தி பரவியிருந்தது. அவர்களைத் தேடி ஆயர் அவரை அனுப்பினார். அவர் கண்டவர்களோ எருமை மேய்க்கும் தோடர்கள். நிலம் உழும் படுகர்கள். கிறிஸ்தவர்கள் ஒருவரும் இல்லை. பெண்களுக்குச் சிறு கண்ணாடிகளும் நூலும் பரிசளித்துவிட்டு இறங்கிப் போனார். அவர் எழுதிய கடிதமே இம்மலை மக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் சான்று.

அவர் தேடியது கிடைக்கவில்லை. அதனால் அவருக்கு முன் இறைவன் இங்கே இல்லை என்று ஆகிவிடுமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம், நற்செய்தி எட்டாத மக்களின் வாழ்விலும் இறைவார்த்தையின் வித்துகள் மறைந்து கிடக்கின்றன என்று போதிக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், படுகர் ஆகிய இவர்கள் மீதும் அதே தந்தையின் வெயிலும் மழையும் விழுந்தன. 1955 ஜூலை 3ஆம் நாள் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரித்து நம் உதகை மறைமாவட்டம் நிறுவப்பட்டது. ஆயர் அந்தோணி படியறை அவர்கள் அதன் முதல் ஆயரானார்கள். அன்று இறைவன் இம்மலைக்குப் புதிதாய் வந்து சேரவில்லை. முன்பே இங்கிருந்தவரை வெளிப்படையாய் அறிவிக்கும் பொறுப்புத்தான் நமக்கு வந்து சேர்ந்தது. ஆகவே பக்கத்து லயத்து இந்து சகோதரனையும், கடைவீதியில் உள்ள முஸ்லிம் சகோதரனையும், காட்டோரத்துப் பழங்குடி மக்களையும், இறைத் திட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம்.

பொன்விழா நம்மிடம் கேட்பது

பொன்விழா என்ற எண்ணமே திருநூலிலிருந்து வந்தது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாக இறைவன் நியமிக்கிறார். எக்காளம் ஊத வேண்டும். அடிமைகள் விடுதலை பெற வேண்டும். நிலத்தை இழந்தவர் தம் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். நிலம் எவருக்கும் நிரந்தரமாய்ச் சொந்தமன்று, அது இறைவனுக்கே உரியது, நாம் எல்லோரும் அதில் குடியிருப்பவர்களே என்று அங்கே சொல்லப்படுகிறது. ஆயுள் முழுவதும் பிறர் நிலத்தில் உழைத்து, ஓய்வு பெற்ற மறுநாள் எங்கே தலை சாய்ப்பது என்று கலங்கும் தோட்டத் தொழிலாளிக்கு இதைவிட நெருங்கிய வசனம் எது? மீட்பு என்பது ஆன்மாவுக்கு மட்டும் என்று சொல்லி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட நமக்கு உரிமையில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டுமனை, பத்திரம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு மனு எழுதவும் அலைந்து திரியவும் உதவுவது பங்கின் ஞானக் காரியங்களுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, எரேமியாஸ் பபிலோனுக்கு எழுதிய கடிதத்தை நினைவூட்டுகிறேன். நாடு கடத்தப்பட்டு அழுதுகொண்டிருந்தவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் ஊரின் நலத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதினார். 'நாங்கள் வந்தேறிகள்தானே' என்ற எண்ணத்தை இந்த ஐம்பதாம் ஆண்டோடு விட்டுவிடுங்கள். இந்த ஊர் உங்கள் ஊர். இதன் பள்ளிக்கூடம், இதன் தண்ணீர், இதன் காடு எல்லாம் உங்கள் கவலை.

கடைசியாக இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்விட்டீர்கள், விழாவுக்காக வந்திருக்கிறீர்கள். போவது தவறன்று, ஆபிரகாமும் புறப்பட்டுப் போனவர்தாம். ஆனால் கூடை தூக்கிய தாயையும் லயத்து வீட்டையும் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். இஸ்ராயேல் மக்கள் தங்கள் விசுவாச அறிக்கையை எப்படித் தொடங்கினார்கள் தெரியுமா? எங்கள் தந்தை அலைந்து திரிந்த நாடோடி, எகிப்தில் அந்நியராய் இருந்தோம், ஆண்டவர் எங்களைக் கண்ணோக்கினார் என்ற பொருளில் தொடங்கினார்கள். முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவரும்போது அதைச் சொல்லியே காணிக்கை வைத்தார்கள். தங்கள் ஏழ்மையை அவர்கள் மறைக்கவில்லை. அதில்தான் கடவுளைக் கண்டார்கள். பாஸ்கா இரவில் பிள்ளை கேட்க வேண்டும், தந்தை சொல்ல வேண்டும் என்பது சட்டம். கேட்கப் பிள்ளையும் சொல்லத் தந்தையும் இருந்ததால்தான் மீட்பின் வரலாறு நம் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கப்பலில் வந்த தலைமுறை நம் கண்முன்னே குறைந்து வருகிறது. ஒவ்வொரு மாதமும் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருவரையாவது தூக்கிச் செல்கிறோம். இந்தப் பொன்விழா ஆண்டு முடியுமுன், ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தன் பாட்டன் பாட்டியின் அருகில் உட்கார்ந்து, எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், எந்த ஆண்டு வந்தீர்கள், பெட்டியில் என்ன கொண்டுவந்தீர்கள், எந்தச் செபம் சொல்லி அழுதீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். பெயர்களைத் தவறாமல் எழுதட்டும். அந்த நோட்டுகளைத் திருப்பலியில் காணிக்கையாகப் பீடத்தில் வைப்போம். அப்பத்தோடும் இரசத்தோடும் அவையும் ஏறட்டும். கிறிஸ்துவில் அனைத்தையும் ஒன்று சேர்க்கும் இறைத் திட்டத்தில் நம் மக்களின் கண்ணீரும் சேர்ந்தது என்பதற்கு அதுவே நம் சாட்சியாகும்.

சிதறியவர்களைச் சேர்க்கும் தந்தையும், மரத்தில் தொங்கி உயிர்த்தெழுந்த மகனும், நம்மை நடத்தும் பரிசுத்த ஆவியும் உங்களையும், உங்கள் பிள்ளைகளையும், இம்மலையின் எல்லா மக்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.